டிக்கியும் மரியாதையும்

நாம் வாங்குகிற பொருள்களில் இரண்டு வகை உண்டு. வீட்டுக்குள் நாம் மட்டும் பார்க்கிற பொருள் ஒன்று. தெருவிலே பிறர் பார்க்கிற பொருள் மற்றொன்று. இட்லிக் கொப்பரை வாங்கப் போகிறவன், அது அடி பிடிக்காமல் நன்றாக வேக வைக்குமா என்று மட்டும் கேட்கிறான். வேட்டி வாங்கும்போது கரையைப் பார்க்கிறான். மோட்டார் கார் வாங்கும்போதோ, தன் தேவையைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, உற்றார் உறவினர், அண்டை வீட்டார், அலுவலகத்தார், சம்பந்தி வீட்டார் எல்லோரையும் மனத்துக்குள் கூட்டி வைத்து அவர்களிடம் யோசனை கேட்கிறான். கடன் கட்டப்போகிறவன் அவன், தேர்ந்தெடுக்கிறவர்கள் அவர்கள்.

இந்த உண்மையை எனக்கு நன்றாகப் புரிய வைத்தது காரின் பின்புறம். காரின் பின்புறத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் சிரிக்கக் கூடும். மனிதர்களின் முகத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. அவர்கள் வாங்கும் வண்டிகளின் முதுகிலும் அவர்களுடைய மனம் எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையோடு கேட்கும்படி வேண்டுகிறேன்.

ஒரு காரை மூன்று பெட்டிகளாக எண்ணிப் பாருங்கள். முன்னால் எஞ்சினுக்கு ஒரு பெட்டி. நடுவில் மனிதர்களுக்கு ஒரு பெட்டி. பின்னால் சாமான்களுக்கு ஒரு பெட்டி. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டியைத்தான் நாம் டிக்கி என்கிறோம். மூன்று பெட்டியும் தனித்தனியாகத் தெரிகிற காருக்குச் செடான் என்று பெயர்; ஆங்கிலேயர் சலூன் என்பார்கள். ஹேட்ச்பேக் என்பது வேறு ஜாதி. அதில் மனிதருக்கும் சாமானுக்கும் நடுவே சுவர் கிடையாது. பின்கண்ணாடியையும் சேர்த்துக்கொண்டு ஒரு முழுக் கதவு மேல்நோக்கித் திறக்கும். பின் ஸீட்டை மடக்கிவிட்டால் குழந்தையின் தொட்டிலையோ, ஒரு சைக்கிளையோ, சிறிய பீரோவையோகூட உள்ளே தள்ளிவிடலாம்.

சின்னக் கார் இப்படி இருப்பதில் உலகத்தில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. சின்னக் கார் சின்னவர்களுக்கு. அவர்களுக்குச் சௌகரியம் போதும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தகராறு பெரிய காரில்தான் வந்தது. நாலரை மீட்டர் நீளம், ஐந்து பேர் தாராளமாக உட்காரும் இடம், நல்ல எஞ்சின், அதற்கேற்ற விலை, இவ்வளவும் இருந்து பின்னால் டிக்கிக்குப் பதிலாக அந்தப் பெரிய கதவும் இருந்தால்? குடும்பஸ்தனுக்கு இதைவிட உபயோகமான வண்டி கிடைப்பது அரிது. ஆயினும், உலகத்தின் பெரும்பாலான சந்தைகளில் இந்தப் பெரிய ஹேட்ச்பேக் டிக்கி வைத்த காரின் முன்னால் தலைகுனிந்தே நின்றிருக்கிறது. உபயோகமுள்ள ஒன்றை, உபயோகம் குறைந்த ஒன்று ஏன் தோற்கடிக்க வேண்டும்? இது வியாபாரிகளின் கேள்வி மட்டுமல்ல. மனிதன் எப்படி வாழ வேண்டும் என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது.

இந்தப் பின்கதவின் பூர்வோத்தரத்தைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 1930களின் கடைசியில் பிரான்ஸ் நாட்டு சித்ரோயன் கம்பெனி, தன்னுடைய புகழ்பெற்ற காரில் 'கொமர்சியால்' என்று ஒரு வகையை விற்றது. பின்புறம் முழுவதும் திறக்கும். கறிக்கடைக்காரர், ரொட்டிக்கடைக்காரர், திராட்சை மது வியாபாரி ஆகியோருக்காகச் செய்தது அது. வாரம் முழுவதும் சரக்கு ஏற்றலாம். ஞாயிற்றுக்கிழமை மனைவி மக்களை ஏற்றலாம். இது உழைப்பாளியின் பின்கதவு. 1953-ல் இங்கிலாந்தில் ஆஸ்டன் மார்ட்டின் கம்பெனி 'டி.பி. 2/4' என்ற பந்தய அழகுள்ள காரிலும் பின்கண்ணாடியோடு திறக்கும் கதவை வைத்தது. அதை வாங்கியவர்கள் பெருஞ்செல்வர்கள். ரொட்டிக்கடைக்காரருக்கும் வெட்கமில்லை, செல்வருக்கும் வெட்கமில்லை. ஒருவருக்குத் தேவை வெட்கத்தைப் போக்கிவிட்டது. மற்றவருக்குச் செல்வம் போக்கிவிட்டது. வெட்கம் என்பது நடுவில் இருக்கிறவனுக்குத்தான். கீழே இருக்கிறவனோடு தன்னைச் சேர்த்துவிடுவார்களோ என்ற பயமும், மேலே இருக்கிறவன் தன்னைச் சேர்க்கமாட்டானோ என்ற ஏக்கமும் சேர்ந்து வசிக்கும் வீடு நடுத்தர வர்க்கத்தின் மனம்.

அந்த நடுத்தர வர்க்கத்துக்கென்று பெரிய அளவில் இந்தக் கதவைக் கொண்டுவந்த துணிச்சல் ரெனோ கம்பெனியுடையது. 1965-ல் 'ரெனோ 16' வந்தது. அதன் பின் ஸீட்டை முன்னே தள்ளலாம், மடக்கலாம், எடுத்துவிடலாம்; கூரையிலிருந்து ஊஞ்சல் போலத் தொங்கவிடவும் வழி செய்திருந்தார்கள். 1966-ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் கார் என்ற பரிசு அதற்குக் கிடைத்தது. 1980 வரையில் 18 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பிரெஞ்சுக் குடும்பஸ்தர்கள் அதை மரியாதைக் குறைவாக நினைக்கவில்லை. ஆகவே, 'மனித இயல்பே ஆடம்பரத்தைத்தான் விரும்பும்' என்று கைவிரித்துவிட நமக்கு உரிமை இல்லை. ஒரு நாட்டில் நடந்தது இன்னொரு நாட்டில் நடக்காமல் போனதற்குக் காரணம் தேட வேண்டும்.

இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே 'கார்ட்டினா' என்ற போர்டு கம்பெனிக் கார் 1962 முதல் 20 ஆண்டுகள் மத்தியதர வீடுகளின் வாயிலில் நின்றது. ஒழுங்கான மூன்று பெட்டிக் கார். 1982-ல் அதை நிறுத்திவிட்டுச் 'சியாரா' என்ற புதுக்காரைக் கொண்டுவந்தார்கள். வழவழவென்று உருண்ட உருவம்; பின்னால் பெரிய கதவு; டிக்கி வைத்த வகை கிடையாது. ஜெல்லி வார்க்கிற அச்சு என்று கேலிப் பெயர் வைத்தார்கள் ஜனங்கள். போட்டிக் கம்பெனியான வாக்ஸ்ஹாலின் 'கேவலியர்' காரோ இரண்டு விதமாகவும் கிடைத்தது. கடைசியில் 1987-ல் போர்டு கம்பெனி இறங்கி வந்து, சியாராவுக்கும் ஒரு டிக்கியை ஒட்டி, 'ஸபையர்' என்று நீலக்கல்லின் பெயரையும் சூட்டியது. கதவு வைத்ததற்கு வெறும் சியாரா. பெட்டி வைத்ததற்கு ரத்தினத்தின் பெயர்! எதில் கௌரவம் இருக்கிறது என்று விற்கிறவன் நினைத்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனாலும் பிரிட்டனில் பெரிய ஹேட்ச்பேக் தோற்றுவிடவில்லை. பல ஆண்டுகள் நன்றாகவே விற்றது. அதற்கு ஒரு காரணத்தை நான் இப்படி ஊகிக்கிறேன். அந்த நாளில் அங்கே பெரிய கார்களில் பெரும்பகுதியைக் கம்பெனிகளே வாங்கித் தங்கள் விற்பனையாளர்களுக்கும் மானேஜர்களுக்கும் கொடுத்தன. ஒவ்வொரு காரின் முதுகிலும் 'எல்', 'ஜி.எல்.', 'கீயா' என்று சிறிய எழுத்துகள் ஒட்டியிருக்கும். 'எல்' என்றால் சாதாரண உத்தியோகஸ்தர், 'ஜி.எல்.' என்றால் கொஞ்சம் மேலே. 'கீயா' என்றால் பெரிய மனிதர். பின்னால் வருகிறவன் அந்த எழுத்தைப் படித்தே முன்னால் போகிறவனின் சம்பளத்தை மதிப்பிட்டுவிடலாம். தகுதியைச் சொல்ல எழுத்து இருந்தபடியால் உருவம் சொல்ல வேண்டிய அவசியம் குறைந்தது. டிக்கி செய்யும் வேலையை இரண்டு எழுத்து செய்துவிட்டது! மனிதன் திருந்திவிட்டான் என்று எண்ணி நாம் மகிழ்வதற்கில்லை. அவனுடைய நெற்றிப்பட்டம் இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் இன்னொரு பெரிய ஹேட்ச்பேக்குக்கும் நம் சென்னைக்கும் நேரான சம்பந்தம் உண்டு. 1976-ல் ரோவர் கம்பெனி எஸ்.டி.1 என்ற காரை வெளியிட்டது. டாக்டர்களும் வக்கீல்களும் ஏறும் கம்பெனி அது. எட்டு ஸிலிண்டர் எஞ்சின், இத்தாலியப் பந்தயக் கார் போன்ற சரிந்த உருவம், பின்னால் பெரிய கதவு. 1977-ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கார் பரிசும் பெற்றது. பெரிய மனிதர்களும் பின்கதவை ஏற்றுக்கொள்ளலாம் என்று காட்டிய கார் அது. அதன் ஆயுள் முடிகிற சமயத்தில் சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அதைத் தத்தெடுத்துக்கொண்டது. ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களைச் செய்து நம் தெருக்களில் ஓடவிட்ட அதே கம்பெனி. 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெயரில் அந்தக் கார் இங்கே வந்தது. அம்பாஸடரும் பத்மினியும் ஓடிக்கொண்டிருந்த சாலையில் அது வேற்று உலகத்திலிருந்து வந்த விருந்தாளி போல இருந்தது.

ஆனால் உள்ளே இருந்த எஞ்சின் எட்டு ஸிலிண்டர் அல்ல. 1940களின் ஸ்டாண்டர்டு வான்கார்டு காரின் வம்சத்தைச் சேர்ந்த பழைய இரண்டு லிட்டர் எஞ்சின். நம் சாலைகளுக்காக உடம்பைத் தூக்கி உயர்த்தியதில் அழகும் கொஞ்சம் கெட்டது. விலையோ மிக அதிகம். சில ஆண்டுகளிலேயே, 1980கள் முடிவதற்குள், கதை முடிந்தது. அது பின்கதவினால் தோற்றது என்று நான் சொல்லமாட்டேன், அது அநியாயம். சிங்கத்தின் தோலுக்குள் கிழட்டு மாட்டை வைத்தால் தோலைக் குறை சொல்வது தகுமா? ஆனால் ஊர் அப்படி நிதானமாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் வந்த கான்டெஸாவுக்கு டிக்கி இருந்தது. அது 2002 வரையில் உயிரோடு இருந்தது. பெரிய கார் என்றால் முன்னும் பின்னும் நீண்டிருக்க வேண்டும் என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்த மனத்துக்கு இந்த இரண்டு கதைகளும் சேர்ந்து நல்ல சாட்சியாகிவிட்டன. அங்கே இங்கிலாந்திலும், 1986-ல் எஸ்.டி.1-க்கு வாரிசாக வந்த ரோவர் 800 முதலில் டிக்கியோடுதான் வந்தது. பின்கதவு வைத்த உருவம் 1988-ல்தான் சேர்ந்தது.

டிக்கியின் கட்சியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதையும் கேட்டுவிடுவது தர்மம். மனிதருக்கும் சாமானுக்கும் நடுவே சுவர் இருந்தால் பின்சக்கரங்களின் இரைச்சல் குறைகிறது. கருவாடு வாங்கி வந்தாலும் பலாப்பழம் வாங்கி வந்தாலும் வாசனை டிக்கியோடு நிற்கிறது. உள்ளே என்ன வைத்திருக்கிறோம் என்பது திருடன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தச் சுவர் காரின் உடம்புக்கும் உறுதி தருகிறது. இன்னும் ஒன்று: டிரைவர் ஓட்ட, எஜமானர் பின்னால் உட்காரும் நாடுகளில், யாரோ பெட்டியை எடுக்கப் பின்கதவைத் திறந்தால் சித்திரை மாதத்து அனல் முழுவதும் எஜமானரின் பிடரியில் அடிக்கும். இதற்காகவே ஸ்கோடா கம்பெனி 2008-ல் வந்த 'சூப்பர்ப்' காரில் ஒரு யுக்தி செய்தது. ஒரு விதமாகத் திறந்தால் டிக்கி மூடி மட்டும் திறக்கும்; இன்னொரு விதமாகத் திறந்தால் கண்ணாடியோடு முழுக் கதவும் திறக்கும். அதே கம்பெனியின் 'ஆக்டேவியா' 2001-ல் இந்தியாவுக்கு வந்தபோது பார்வைக்கு முழுச் செடானாக இருந்தது. வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் கண்ணாடியும் சேர்ந்து மேலே போயிற்று! உள்ளே ஹேட்ச்பேக், வெளியே செடான். அந்தக் காரை நம்மவர்கள் விரும்பி வாங்கினார்கள்.

ஆகவே டிக்கிக்காக வாதாடுகிறவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்பதல்ல என் கட்சி. ஆனால் இந்த நியாயங்கள்தாம் நம்மை டிக்கி வாங்க வைத்தன என்றால், நம் நாட்டில் பிறகு நடந்த அதிசயம் நடந்திருக்காது.

1998-ல் டாடா கம்பெனி இன்டிகா என்ற ஹேட்ச்பேக்கை வெளியிட்டது. 2002-ல் அதற்கே பின்னால் பெட்டி ஒட்டி இன்டிகோ ஆக்கியது. அதற்கும் முன்னால், 1999-ல், மறைமலை நகரில் போர்டு கம்பெனி, ஐரோப்பாவில் ஹேட்ச்பேக்காக ஓடிக்கொண்டிருந்த பியஸ்டாவுக்கு டிக்கி வைத்து 'ஐகான்' என்று விற்றது. பிறகு 2006-ஆம் ஆண்டின் மத்திய பட்ஜெட் வந்தது. நீளம் 4 மீட்டருக்கு மேற்படாமலும், பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்கும் டீசல் எஞ்சின் 1500 சி.சி.க்கும் மேற்படாமலும் இருந்தால் அது சிறிய கார். அதற்குக் கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதம் ஆகும் என்றார்கள். சர்க்காரின் எண்ணம் சிறிய கார்களை வளர்ப்பது. ஆனால் 4 மீட்டருக்குள் சௌகரியமாக அடங்குவது ஹேட்ச்பேக்தான். டிக்கி வேண்டும், வரியும் குறைய வேண்டும் என்றால் என்ன செய்வது? டிக்கியை வெட்டினார்கள்! 2008-ல் இன்டிகோவைக் குறுக்கி 4 மீட்டருக்குள் அடக்கினார்கள். அதே ஆண்டில் ஸ்விப்ட் காருக்கு டிக்கி வைத்து மாருதி கம்பெனி வெளியிட்ட டிசையரின் நீளம் 4160 மில்லிமீட்டர். டிக்கியின் கொள்ளளவு 440 லிட்டர். 2012-ல் வந்த அடுத்த டிசையரின் நீளம் 3995 மில்லிமீட்டர்; டிக்கி 316 லிட்டர். சாமான் வைக்கும் இடம் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. பின்புறம் திடீரென்று நறுக்கினாற் போலவும் ஆயிற்று. வியாபாரம் குறைந்ததா? அமோகமாக நடந்தது.

இங்கேதான் நம் மனம் கையும் களவுமாகப் பிடிபடுகிறது. சாமானுக்காகத்தான் டிக்கி என்றால், சாமானுக்கு இடம் குறைந்தபோது டிக்கியின் மோகமும் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. பெட்டி சிறுத்தாலும் பெட்டி என்று ஒன்று இருந்தால் போதும் என்றார்கள். கோயில் கோபுரத்தின் நிழலாவது வீட்டில் விழட்டும் என்பது போல.

இதைக் கண்டு நகைப்பது எளிது. நகைச்சுவைக் கட்டுரையாக இருந்தால் இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் எனக்குத் தெரிந்த ஓர் அன்பரின் பேச்சு என்னை அப்படி முடிக்கவிடவில்லை.

அவர் கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பவர். நீளநீளமான விளக்குக் கம்பிகள், குடைகள், திரைச்சுருள், இரண்டு பெட்டி காமிரா, இவற்றோடு ஊர் ஊராகப் போகிற பிழைப்பு. அவரிடம் இருப்பது டிக்கி வைத்த கார். கம்பிகள் டிக்கியில் அடங்காமல் பின் ஸீட்டில் சாய்ந்து, ஜன்னல் வழியே தலை நீட்டிக்கொண்டிருக்கும். "இதே கம்பெனியின் ஹேட்ச்பேக் வாங்கியிருந்தால் பணமும் மிச்சம், கம்பிகளும் உள்ளே போயிருக்குமே?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "போயிருக்கும் சார். எனக்குத் தெரியாதா? ஆனா கல்யாண மண்டபத்து வாசல்ல நீங்க நின்னு பாருங்க. டிக்கி வெச்ச வண்டி வந்தா வாட்ச்மேன் சல்யூட் அடிச்சு உள்ள விடுவான். சின்ன வண்டியில கம்பியும் மூட்டையுமா வந்தா, 'சாமான் வண்டியெல்லாம் பின்பக்கம்'னு கையைக் காட்டுவான்."

"அதனால் என்ன? பின்பக்கம் போனால்தான் என்ன?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்கப்பா பந்தல் போடற வேலை செஞ்சவர், சார். நூறு கல்யாணத்துக்குப் பந்தல் போட்டிருப்பார். ஒரு கல்யாணத்துக்கும் முன்வாசல் வழியா உள்ள போனதில்லை. இலை போட்டு உக்கார வெச்சதும் இல்லை, பின்கட்டுலதான் சாப்பாடு. எனக்கு டிக்கி வேண்டாம் சார். அந்த வாசலுக்குத்தான் அது வேணும்."

வாசகர்களே, இந்தப் பதிலை வைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து யோசியுங்கள். ஆடம்பரத்தை விடு, உபயோகத்தைப் பார், எளிமையாக வாழ் என்று இவருக்கு யார் உபதேசம் செய்வது? எளிமை நல்ல குணம்தான்; ஆனால் அது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. பரம்பரையாக மதிக்கப்பட்டு வருகிறவன் பழைய காரில் வந்தால், 'எவ்வளவு எளிமை பாருங்கள்!' என்று ஊர் புகழும். நேற்றுவரை ஒதுக்கப்பட்டவன் அதே பழைய காரில் வந்தால், 'இவ்வளவுதானே இவன்!' என்று சொல்லிவிடும். முதலாமவனுக்கு எளிமை ஓர் ஆபரணம். இரண்டாமவனுக்கு அது பழைய விலங்கு.

நம் நாட்டுச் சரித்திரத்திலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. காந்தியடிகள் 1921-ல் மதுரையில் மேலாடையைத் துறந்து முழங்கால் வரையுள்ள துண்டை உடுத்தினார். நாடு அவரை வணங்கியது. டாக்டர் அம்பேத்கரோ கோட்டும் ஸூட்டும் கழுத்துப் பட்டையுமாகவே பொது வாழ்வில் நின்றார். ஒருவர் ஏழையோடு தம்மைச் சேர்த்துக்கொள்ள ஆடையைக் களைந்தார். மற்றவர், ஆடை உடுக்கும் உரிமையே மறுக்கப்பட்ட மக்களின் சார்பில், அந்த உரிமையை ஒவ்வொரு நாளும் உடுத்திக் காட்டினார். இருவரில் எவர் எளியவர், எவர் ஆடம்பரக்காரர் என்று துணியை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவன் இரண்டு பேரையுமே புரிந்துகொள்ளாதவன். காரையும் மாமனிதர்களின் உடையையும் ஒப்பிடுவதா என்று யாரும் கோபிக்க வேண்டாம். கடுகிலும் கடலிலும் ஒரே நியதிதான் நடக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால் அந்த நாடுகளின் வித்தியாசமும் ஒருவாறு விளங்குகிறது. பிரெஞ்சுக் குடும்பஸ்தர் ரெனோ 16-ஐ வெட்கமில்லாமல் ஓட்டியதற்குக் காரணம் அவர் நம்மைவிட ஞானி என்பதல்ல. வண்டியிலிருந்து இறங்கிய பிறகும் அவரை எல்லோரும் 'முஸ்யே' என்றுதான் அழைப்பார்கள் என்ற தைரியம் அவருக்கு இருந்திருக்கும். வண்டியை நிறுத்தியதும் மரியாதையும் நின்றுவிடும் என்ற பயம் இருக்கிற இடத்தில், மனிதன் வண்டியிலேயே மரியாதையை ஏற்றிக்கொண்டு வருகிறான். சமூகம் இலவசமாகத் தர வேண்டிய ஒன்றை, அவன் மாதத் தவணையில் வாங்குகிறான். அந்தத் தவணைக்கு வட்டியும் கட்டுகிறான்.

அதற்காக, வாங்குகிறவர்கள் எல்லோரும் குற்றமற்றவர்கள் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. போட்டோக்கார அன்பருடையது ஒரு காயத்துக்குப் போட்ட மருந்து. காயமே இல்லாமல் கட்டுப் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! தாத்தா காலத்திலிருந்து முன்வாசலில் நுழைந்து பழகியவர்களும், எதிர்வீட்டுக்காரன் நீளமான கார் வாங்கிவிட்டான் என்ற ஒரே காரணத்துக்காக அதைவிட நாலு விரற்கடை நீளமான காருக்குக் கடன் வாங்குகிறார்கள். அவமதிப்பைத் தடுப்பதற்காக வாங்குவது வேறு. பிறனை அவமதிப்பதற்காக வாங்குவது வேறு. கடையில் இரண்டுக்கும் ஒரே ரசீதுதான் கொடுக்கிறார்கள். வித்தியாசம் வாங்குகிறவனின் மனச்சாட்சிக்குத்தான் தெரியும்.

இப்போது காலம் மாறி, டிக்கிக்கே ஆபத்து வந்திருக்கிறது. ஐரோப்பாவில் போர்டு மான்டியோ 2022-ல் நின்றுபோயிற்று. சியாராவின் வாரிசு அது. பெரிய ஹேட்ச்பேக்கும் செடானும் சேர்ந்தே பின்வாங்குகின்றன. அவற்றின் இடத்தில் வந்திருப்பது எஸ்.யூ.வி. என்ற உயரமான வண்டி. இந்தியாவிலும் 2023-24-ல் விற்ற பயணிகள் கார்களில் பாதிக்கு மேல் அந்த இனம்தான். போட்டோக்கார அன்பரும் "அடுத்தது எஸ்.யூ.வி.தான் சார்" என்கிறார். அந்த வண்டியின் பின்னால் போய் நின்று பாருங்கள். தனிப் பெட்டி இல்லை. மனிதருக்கும் சாமானுக்கும் நடுவே சுவர் இல்லை. கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும் ஒரு பெரிய கதவு இருக்கிறது! 1965-ல் ரெனோ கொடுத்த அதே கதவு. கால்களைக் கொஞ்சம் உயர்த்தி, மார்பை நிமிர்த்தி, முகத்தில் கொஞ்சம் முரட்டுத்தனத்தை வரைந்து, வேறு பெயரையும் சூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நிஸான் கம்பெனி ஐரோப்பாவில் 'அல்மேரா' என்ற சாதாரண ஹேட்ச்பேக்கை நிறுத்திவிட்டு 2007-ல் 'காஷ்காய்' என்ற உயரமான வண்டியை விற்கத் தொடங்கியபோது நடந்தது இதுதான். கதவு அதேதான், அதற்குக் கிடைத்த வரவேற்பு வேறு.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. மனிதனுக்கு உபயோகத்தின்மேல் வெறுப்பு இல்லை. எனக்கு இது தேவை, நான் சாமான் சுமக்கிறவன் என்று வெளியே தெரிவதில்தான் அவனுக்குக் கூச்சம். வேட்டைக்கும் மலைக்கும் போகிறவனின் வேஷத்தில் அதே சாமானைச் சுமக்கச் சொன்னால் சந்தோஷமாகச் சுமக்கிறான். சுமப்பது கேவலம் என்று யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார் சொல்லிக் கொடுத்தது?

கார் செய்கிறவர்களா? அவர்கள் விற்கிறதைச் செய்கிறவர்கள். சர்க்காரா? அது நீளத்தை அளந்து வரி போடத்தான் முடியும். 2025 செப்டம்பரிலும் அந்த 4 மீட்டர்க் கோட்டை வைத்துத்தான் சிறிய காருக்கு 18 சதவீதம், பெரிய காருக்கு 40 சதவீதம் என்று ஜி.எஸ்.டி.யைப் பிரித்தார்கள். ஆசையை அளக்கும் கோல் எந்த சர்க்காரிடமும் இல்லை. மண்டபத்து வாட்ச்மேனா? அவன் பாவம், மாதச் சம்பளக்காரன். எந்த வண்டிக்குச் சல்யூட் அடிக்க வேண்டும், எந்த வண்டியைப் பின்பக்கம் திருப்ப வேண்டும் என்பதை அவன் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. மண்டபத்துக்குள்ளிருந்து வருகிறவர்களின் கண்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். அந்தக் கண்கள் நம்முடையவை.

ஆகையால், எந்தக் காரை வாங்குவது என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், வாங்குகிறவனுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. வீட்டில் எத்தனை பேர், என்ன சுமக்க வேண்டும், எவ்வளவு கடன் தாங்கும் என்று காகிதத்தில் எழுதிப் பார். அந்தக் காகிதத்தை மீறி வாங்கினால் எதற்காக மீறினாய் என்பதையும் நேர்மையாக அதிலேயே எழுதிவை என்பேன். பார்க்கிறவனுக்குத்தான் சொல்ல நிறைய இருக்கிறது. நம் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவரையும், போட்டோ எடுக்கிறவரையும், சமையல்காரரையும் முன்வாசலில் நின்று கை கூப்பி அழைத்து, பந்தியில் நம்மோடு உட்கார வைத்து இலை போடுவதற்கு எந்தக் கம்பெனியின் அனுமதியும் வேண்டாம். அப்படி நாம் செய்யத் தொடங்கிய பிறகும் அவர்கள் டிக்கி வைத்த கார்தான் வேண்டும் என்றால், அது அவர்களுடைய ருசி, சந்தோஷமாக வாங்கட்டும். அதுவரையில் அவர்கள் கட்டுகிற ஒவ்வொரு தவணையிலும் நாம் வைத்த பாக்கியும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது.